சுவரில் வரைந்த ஜன்னல்

திரை சற்று இறங்கியிருந்தது.

கையில் கஞ்சிப் பாத்திரத்தோடு நெட்டா வண்டிப் பாதையின் நடுவில் நின்றுவிட்டாள். எதிரே இருந்தது அவள் வீட்டின் மறு பாதி. அதன் ஜன்னலில் வெளிறிய மஞ்சள் திரை எப்போதும் மேல் வரிசைக் கண்ணாடியை மட்டும் மறைத்துக்கொண்டு நிற்கும். இன்று இரண்டாம் வரிசையிலும் பாதியை மறைத்திருந்தது. ஜன்னல் திரை என்றால் ஏறும், இறங்கும், இதில் வாயைப் பிளக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த ஜன்னல் பெயிண்டால் வரைந்தது. கறுப்புப் பூசிய கல், அதன்மேல் வெள்ளைக் கோடுகளாய்ச் சட்டம், உச்சியில் மஞ்சளாய் ஒரு பட்டை. அதுதான் திரை. அதை இறக்குவதற்குக் கயிறும் கிடையாது, உள்ளே நின்று இழுக்க இடமும் கிடையாது.

பால்குரே எஸ்டேட்டின் கேட் வீட்டை இரண்டாய்ப் பிளந்து கட்டியிருந்தார்கள். இரும்பு கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, நடுவில் பெரிய வீட்டுக்குப் போகும் வண்டிப் பாதை. இரண்டுக்கும் முகப்பில் தூண்கள், கூரை முனையில் கல் ஜாடி, அச்சு அசலாய் ஒரே சாயல். ஒரு பாதியில் சமையல், மறு பாதியில் படுக்கை. மழையானாலும் பனியானாலும் ஒரு வாய் கஞ்சிக்குப் பாதையைக் கடந்தாக வேண்டும். வரைபடம் போட்ட மகானுக்கு வண்டியில் வரும் விருந்தாளியின் கண் குளிர்ந்தால் போதும், உள்ளே கிடப்பவன் விறைத்தால் அவருக்கென்ன? சமையல் பக்கம் பாதையைப் பார்த்து ஒரு நிஜ ஜன்னல் வைத்தார், வண்டி வருவது காவல்காரனுக்குத் தெரிய வேண்டுமே. படுக்கைப் பக்கம் அதே இடத்தில் சுவரைக் குடைந்து கட்டில் போட்டாயிற்று, ஜன்னலுக்கு இடமில்லை. ஆனால் ஜோடி கெட்டுவிடக் கூடாது. ஒரு பெயிண்டரை அழைத்து வெளிச்சுவரில் ஜன்னலை வரையச் சொல்லிவிட்டார். அந்த ஜன்னலுக்கு நேர் பின்னால், சுவரின் உட்பக்கம், அந்தக் குழிக் கட்டிலில் தலை வைத்துத்தான் அவள் புருஷன் சாண்டி அறுவடை முடிந்ததிலிருந்து படுத்த படுக்கையாய்க் கிடந்தான்.

நெட்டா கிட்டே போய்த் திரையைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம் இல்லை. புதுப் பூச்சின் வாசனை இல்லை. மேலிருந்த பழைய வெடிப்புகள் அப்படியே கீழே வரைக்கும் ஓடி வந்திருந்தன. காலங்காலமாய் அங்கேயே இருந்த திரை போல் இருந்தது. அவள் கையை இழுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கத்து ஊர்களில் சாவு விழுந்த வீட்டில்தான் திரைகளை அடிவரை இறக்கிவிடுவார்கள். அதை அவள் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அறைக்குள் இருட்டு. கதவுக்கு மேலே பதித்திருந்த உள்ளங்கையளவுக் கண்ணாடிதான் அங்கே ஒரே வெளிச்சம், அதுவும் திறக்காது. பிற்பகல் தேநீருக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும் டிசம்பர் மாதத்தில் அந்த வெளிச்சமும் பேருக்குத்தான். வாத்துக் கொழுப்பில் கற்பூரம் குழைத்து அவள் சாண்டியின் நெஞ்சில் தேய்க்கும் மருந்தின் நெடி, கரி அடுப்பின் புகை, ஈரக் கம்பளி, வேர்வை எல்லாம் சேர்ந்து அந்த அறைக்கென்று ஒரு வாசனை இருந்தது. நெட்டாவுக்கு அது பழகிப்போய், தன் மேலேயே வீசுவதாய்த் தோன்றும்.

"வந்துட்டியா? நான் செத்த பிறகு கொண்டு வருவியோன்னு நினைச்சேன்" என்றான் சாண்டி.

"செத்தா கஞ்சி மிச்சமாகுமேன்னுதான் மெதுவா வந்தேன். எந்திரி."

அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அவனை இரண்டாய் மடக்கியது. போரில் விஷப்புகை குடித்த நெஞ்சு. மோதிர விரலின் நுனியையும் அங்கேயேதான் விட்டுவிட்டு வந்தான். அந்தக் குட்டை விரலோடு அவன் கிண்ணத்தைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்தால் நெட்டாவுக்கு இப்போதும் மனசு என்னவோ செய்யும். கோபக்காரி என்று ஊரே சொல்லும் அவளுக்கு இந்த ஒருவன் போதும், வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை.

"வெளிய யாரு தட்டுனது?" என்றான் அவன்.

"எங்க?"

"இங்கதான்." தலைக்குப் பின்னால் சுவரைக் காட்டினான். "ரெண்டு தட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி ரெண்டு. மேனேஜர்தான் நான் செத்துட்டேனான்னு தட்டிப் பாக்குறானோ என்னவோ."

"எலியா இருக்கும்" என்றாள் நெட்டா. இரண்டு முழம் கனமுள்ள கருங்கல் சுவரில் எந்த எலி தட்டும்?

மேனேஜர் கின்லாக் மறுநாள் நிஜமாகவே வந்தார். குதிரையை விட்டு இறங்கவில்லை. கேட்டைத் திறந்துவிட்டு நெட்டா ஓரமாய் நின்றாள்.

"உன் புருஷன் எப்ப எந்திரிப்பான்?"

"சளி கொஞ்சம் இளகியிருக்கு ஐயா. இன்னும் கொஞ்ச நாள்."

"இதையேதான் போன மாசமும் சொன்ன. இது ஆஸ்பத்திரி இல்ல, கேட் வீடு. வருஷப் பிறப்பு விருந்துக்குப் பாதி ஜில்லா இங்க வருது. அன்னிக்குத் தொப்பியக் கழட்டிக்கிட்டு ஒரு ஆம்பள இந்த கேட்ல நிக்கணும். ஏப்ரனோட ஒரு பொம்பள ஓடி வந்து தொறக்கிறது பெரிய வீட்டம்மாவுக்குப் பிடிக்கல."

"நிக்க முடியலேன்னா?"

"வேற ஆள் நிப்பான். வீடு கேட்டோட சேந்தது. உன்னோட சேந்தது இல்ல."

நெட்டாவுக்கு அவர் பூட்ஸைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ள வேண்டும் போலிருந்தது. இந்தக் குளிரில், அந்த நெஞ்சோடு, சாண்டியைத் தெருவில் இறக்கினால் பெர்த் நகரம் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிடும். அது கின்லாக்குக்கும் தெரியும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேறொன்று கேட்டாள்.

"ஐயா, அந்த ஜன்னலுக்கு யாராவது பெயிண்ட் அடிச்சாங்களா?"

கின்லாக் திரும்பிப் பார்த்தார். பார்த்த கண்ணை உடனே எடுத்துவிட்டார். "அதை யாரும் தொடக் கூடாது" என்று மட்டும் சொல்லிக் குதிரையைத் தட்டிவிட்டார். போகும்போது குதிரை அந்தச் சுவரை ஒட்டி நடக்க மறுத்து, பாதையின் மறு ஓரத்துக்குச் சாய்ந்து சாய்ந்து போனதை நெட்டா பார்த்தாள்.

திரை இறங்கிக்கொண்டே இருந்தது. அவள் பார்க்கும்போது இறங்காது. சமையல் பக்கத்து ஜன்னலருகே நின்று பார்லி சூப்பைக் கிளறியபடி கண் எடுக்காமல் பார்ப்பாள், அசையாது. அடுப்பை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் ஒரு விரற்கடை கீழே இருக்கும். அது இறங்க இறங்க சாண்டியும் இறங்கினான். சூப்பும் கஞ்சியும் வேண்டாம் என்றான். பேச்சு குறைந்தது. கிண்டல் நின்றது. ராத்திரியில் அவள் பக்கத்தில் படுத்திருக்க, அவன் இருமலுக்கும் இருமலுக்கும் நடுவிலான அமைதியில், தலைமாட்டில், கல்லுக்குள்ளிருந்து அவளுக்கும் கேட்க ஆரம்பித்தது. விரல் முட்டியால் தட்டுவது போல. இரண்டு தட்டு. பிறகு மறுபடி இரண்டு.

பெரிய வீட்டில் துணி துவைக்கும் பெல் டாட்ஸ் ஒரு நாள் பழைய படுக்கை விரிப்புகள் கொண்டு வந்து கொடுத்தாள். வாய் ஓயாத பெண். பாதையில் வரும்போதே எதையோ பேசிக்கொண்டு வந்தவள், அந்தச் சுவரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். திரை இப்போது பாதி ஜன்னலைத் தாண்டியிருந்தது.

"எப்பலேருந்துடி இப்படி?"

"உங்களுக்கும் தெரியுதா?" நெட்டாவுக்கு அழுகையே வந்துவிட்டது. தனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அதுவரை பயந்துகொண்டிருந்தாள்.

பெல் அவளைச் சமையல் பக்கத்துக்கு இழுத்துப் போய்க் கதவைச் சாத்தினாள். "உங்களுக்கு முன்னாடி இந்த கேட்ல இருந்தவன் டன்னெட். தெரியும்ல?"

"பேரு கேட்டிருக்கேன்."

"பேரோட விட்டாங்களா, நல்லதுதான். மகா குரூரம் பிடிச்சவன். இந்த கேட்டுதான் அவனுக்குப் பொண்டாட்டி, புள்ள எல்லாம். என் கேட்ல வேற எவனாவது கை வெச்சா கைய ஒடிச்சிருவேன்னு சொல்லிக்கிட்டே திரிவான். இடது கால இழுத்து இழுத்து வருவான், கேட்டத் திறந்துவிட்டுக் கம்பியில விரல் முட்டியால ரெண்டு தட்டு தட்டுவான். ஒவ்வொரு தடவையும். அவன் பைப்புல அடைக்கிற கறுப்புப் புகையிலை நாத்தம் இருக்கே, அவன் போன பிறகும் பாதையில நிக்கும்."

"ரெண்டு தட்டா?" என்றாள் நெட்டா.

பெல் அதைக் கவனிக்கவில்லை. "அந்தக் குழிக் கட்டில்லதான் செத்தான். நான்தான் பாத்துக்கிட்டேன். அன்னிக்குன்னு பெரிய வீட்டுப் பொண்ணுக்குக் கல்யாணம். இவனுக்கு மூச்சு இழுத்துக்கிட்டே கெடக்கு, போகவும் மாட்டேங்குது. ஜன்னலத் திற, ஜன்னலத் திறன்னு கத்துறான். உயிர் போறப்ப ஜன்னலத் திறந்துவிடணும், இல்லேன்னா அதுக்கு வழி ஏது? ஆனா எதைத் திறக்க? நான் சுவத்தத் தடவிக்கிட்டு நிக்கிறேன். கதவையாவது திறக்கலாம்னு போனா, வெளிய கின்லாக். கல்யாண வண்டியெல்லாம் வரிசையா வருது, வாசல்லயே சாவுன்னு தெரியக் கூடாது, சாத்துன்னான். சாத்திட்டேன்டி. நான் என்ன பண்ண முடியும்?"

"அப்புறம்?"

"அப்புறம் போயிட்டான். எங்க போனான்னுதான் தெரியல."

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நெட்டா எழுந்து அதை இறக்கிவைத்தாள்.

"இப்பத் திறந்துவிட்டா போயிருவானா?" என்றாள் நெட்டா.

"எதைத் திறப்ப? அது சுவருடி." பெல் சால்வையை இறுக்கிக்கொண்டு எழுந்தாள். "புருஷனைத் தூக்கிக்கிட்டு எங்கயாவது போயிரு."

எங்கே போவது? பெரிய வீட்டு வேலைக்காரர்கள் குடியிருப்பில் நெஞ்சு நோய்க்காரனைச் சேர்க்க மாட்டார்கள். அவள் போன பிறகும் நெட்டா அந்த ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல். டன்னெட் வெளியே போக ஒரு ஜன்னல் வேண்டும். உள்ளே இல்லை, சரி. வெளியே இருக்கிறதே. இறங்க முடிந்த ஜன்னல் ஏறவும் முடியும்தானே?

விருந்துக்கு முந்தின நாள் பிற்பகல், மூடுபனி பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு இறங்கியது. தூண்கள் கண்ணுக்குத் தெரியவில்லை, கல் ஜாடிகள் தெரியவில்லை, காட்டுப் பக்கம் காகங்கள்கூட வாய் திறக்கவில்லை. திரை அடிச்சட்டத்தைத் தொட இன்னும் இரண்டு விரல்தான் பாக்கி. சாண்டி காலையிலிருந்து கண் திறக்கவில்லை. இருமக்கூடத் தெம்பில்லாமல், ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குள் கூழாங்கல் உருளுவது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

வருஷா வருஷம் கேட்டுக்குப் பூசுகிற கறுப்பு பெயிண்ட், கம்பத்துக்குப் பூசுகிற வெள்ளை, இரண்டும் கொட்டகையில் இருந்தன. சாண்டி படுத்த பிறகு இந்த வருஷம் கேட்டுக்கு அவள்தான் பூசினாள், கை பழகியிருந்தது. டப்பாக்களையும் பிரஷ்களையும் எடுத்துக்கொண்டு வந்து, லாந்தரைத் தரையில் வைத்துவிட்டு அவள் முதலில் திரையின் மேல் கறுப்பைத் தீட்டினாள். நிற்கவில்லை. பூசிய இடத்திலேயே மஞ்சள் மேலே வந்தது. மறுபடி பூசினாள். மறுபடியும் மஞ்சள்.

"சரி, உன் திரைய நீயே வெச்சிக்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். குரல் மூடுபனியில் நாலடி தாண்டவில்லை.

திரையை விட்டுவிட்டுச் சட்டத்துக்கு வந்தாள். இந்த ஜன்னல் கீழ்ப்பாதியை மேலே தள்ளித் திறக்கிற வகை. வரைந்தவன் அதை நன்றாகவே வரைந்திருந்தான். நெட்டா அடிச்சட்டத்தின் வெள்ளைக் கோட்டைக் கறுப்பால் அழித்தாள். திரைக்குக் குறுக்கே, ஒரு முழம் மேலே, புதிதாக வெள்ளைக் கோடு இழுத்தாள். இப்போது கீழ்ப்பாதி மேலே தூக்கி நிறுத்தியது போலிருந்தது. அதற்குக் கீழே தொங்கிய மஞ்சள் மேல் மீண்டும் கறுப்பைத் தீட்டினாள்.

இந்த முறை கறுப்பு நின்றது. பிடித்துக்கொண்டது.

சுவருக்குள் தட்டும் சத்தம் நின்றுபோயிற்று. அதுவரை அது கேட்டுக்கொண்டே இருந்தது என்பதே அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

லாந்தரின் சுடர் சுவர்ப் பக்கம் சாய்ந்தது. அவள் கன்னத்தை ஒட்டி மூடுபனி இழைஇழையாய் நகர்ந்து, தான் பூசிய கறுப்புக்குள் போவதைப் பார்த்தாள். ஈர பெயிண்டுக்குள். கல்லுக்குள். ஒரு பெரிய மூச்சை யாரோ நிதானமாக உள்ளே இழுப்பது போல. பிறகு அது நின்றது. பிறகு அந்தக் கறுப்பிலிருந்து காற்று வெளியே வந்தது, வெதுவெதுப்பாக.

கற்பூரம். வாத்துக் கொழுப்பு.

பிரஷ் கையிலிருந்து விழுந்தது. வீட்டைச் சுற்றிக் கதவுப் பக்கம் ஓடினாள். உள்ளே ஒரே அமைதி. கூழாங்கல் சத்தம் இல்லை. இருமல் இல்லை. கட்டிலருகே மண்டியிட்டு விழுந்து அவன் நெஞ்சில் காதை வைத்தாள். ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. ஆழமாக, சீராக, எந்தக் கரகரப்பும் இல்லாமல். போரிலிருந்து வந்த நாளிலிருந்து அப்படி ஒரு மூச்சை அவள் அந்த நெஞ்சில் கேட்டதில்லை. நெட்டா அவன் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள். காற்றில் வந்த அந்த வாசனையை நினைக்கவே கூடாது என்று அழுதாள்.

காலையில் கண் விழித்தபோது கட்டிலில் அவன் இல்லை.

பூட்ஸ் இல்லை, கோட்டு இல்லை. பதறிக்கொண்டு வெளியே வந்தாள். பனி விலகியிருந்தது. சாண்டி கேட்டருகே நின்று, கம்பிகளை மேலிருந்து கீழ் வரை உள்ளங்கையால் மெதுவாகத் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

"சாண்டி! பைத்தியமா உனக்கு? உள்ள வா, குளிருது."

அவன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் நல்ல நிறம். "கேட்டுக்கு இந்தத் தடவை யார் பெயிண்ட் அடிச்சது? மோசமா இருக்கு."

"நான்தான் அடிச்சேன். உனக்குத் தெரியாதா?"

"இனிமே அடிக்காத" என்றான். பாதையைக் கடந்து சமையல் பக்கம் நடந்தான். இடது கால் சரளைக் கல்லில் இழுபட்டது. இத்தனை நாள் படுத்த கால், மரத்துப்போயிருக்கும் என்று நெட்டா தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்தான். செத்தா கஞ்சி மிச்சம் என்று அவள் பழைய கிண்டலைப் போட்டுப் பார்த்தாள். அவன் சிரிக்கவில்லை. யாரோ தெருவில் போகிறவள் தன்னிடம் உளறியதுபோல் அவளைப் பார்த்தான்.

சாயங்காலம் விருந்துக்கு வண்டிகள் வரத் தொடங்கின. கார்களும் குதிரை வண்டிகளும், கம்பளிப் போர்வைக்குள் சிரிக்கும் பெண்களும், விளக்குகளும். கேட்டில் அவன் தொப்பியைக் கழற்றி நிமிர்ந்து நின்றான். நெட்டா சமையல் பக்கத்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றாள். ஒரு வண்டி வந்தது. அவன் உள்ளங்கையில் துப்பிக்கொண்டு கேட்டை இழுத்தான். வண்டி உள்ளே போயிற்று. அவன் விரலை மடக்கி, முட்டியால், கம்பியில் தட்டினான்.

இரண்டு தட்டு.

அடுத்த வண்டி. இரண்டு தட்டு.

கடைசி விருந்தாளியும் உள்ளே போன பிறகு கின்லாக் குதிரையில் வந்தார். வாய் நிறைய சிரிப்பு. "பாத்தியா? கொஞ்சம் மிரட்டினதும் எந்திரிச்சிட்டான். இனிமே இந்த வீட்டப் பத்தி உனக்குக் கவலையே வேண்டாம், வாழ்நாள் பூரா இருந்துக்க" என்று ஜன்னல் வழியாக நெட்டாவிடம் சொன்னார். பிறகு கேட்டில் நின்றவனைப் பார்த்துத் தலையசைக்கத் திரும்பினார். நின்றவன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு ஏதோ மெதுவாகச் சொன்னான். நெட்டாவுக்குக் கேட்கவில்லை. கின்லாக்கின் சிரிப்பு மட்டும் அப்படியே செத்துப்போயிற்று. அவர் குதிரையை விரட்டிக்கொண்டு போனார்.

கதவு திறந்தது. முதலில் புகையிலை நாற்றம் வந்தது, கறுப்பாய், காரமாய். புகை பட்டாலே மூச்சு முட்டுகிறவன் பைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேஜையில் உட்கார்ந்தான்.

"பசிக்குது, பொண்ணே."

சாண்டி அவளை ஒரு நாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நெட்டா, நெட்டி, என் ராட்சசி. இவை தவிர வேறு பெயர் அவன் வாயில் வந்ததில்லை. அவள் சூப்பை ஊற்றினாள். கிண்ணத்தைப் பிடித்த கையில் மோதிர விரல் குட்டையாகத்தான் இருந்தது. கை அவனுடையது. நெஞ்சு அவனுடையது. கண்ணுக்குள் இருந்தவனை அவளுக்குத் தெரியாது.

திறந்த ஜன்னலுக்கு யார் வெளியே போவது, யார் உள்ளே வருவது என்றெல்லாம் தெரியாது. அதன் பக்கத்தில் தலை வைத்துப் படுத்திருந்தவன் சாண்டி, மூச்சு ஒரு நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தவன். அவனுக்கு நேராகத்தான் அவள் அதைத் திறந்துவிட்டாள். தன் கையால். பிரஷ் பிடித்து.

"கொட்டகையில பெயிண்ட் டப்பா இருக்கே, நான் எடுத்துப் பூட்டி வெச்சிட்டேன்" என்றான் அவன், சூப்பை உறிஞ்சிக்கொண்டே. "இனிமே அதைத் தொடாத."

அப்போது பாதைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது. மெல்லியதாக. கல்லுக்கு அப்பாலிருந்து.

இருமல்.

அவளுக்குத் தெரிந்த இருமல். முதலில் ஒரு சிறு கமறல், பிறகு தொடர்ந்து மூன்று நாலு, பிறகு இழுப்பு. ராத்திரி ராத்திரியாய் அவள் முதுகைத் தடவிவிட்ட இருமல்.

மேஜையில் இருந்தவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவனுக்கும் கேட்டிருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, பல் தெரிய, நிதானமாகச் சிரித்தான். எழுந்து லாந்தரை எடுத்தான்.

"வா, படுக்கலாம்."

அவன் கை அவள் மணிக்கட்டைப் பிடித்தது. ஒடித்துவிடும் பிடி. இழுபடும் கால் முன்னே, அவள் பின்னே, இருவரும் பாதையைக் கடந்தார்கள். கேட் பூட்டியிருந்தது. பெரிய வீட்டில் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நெட்டா பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள்.

அவள் திறந்து வரைந்த ஜன்னல் மூடியிருந்தது. வெள்ளை அடிச்சட்டம் பழைய இடத்தில், பழைய வெடிப்புகளோடு. திரை அடிவரை இறங்கியிருந்தது. லாந்தர் வெளிச்சம் அதன்மேல் ஊர்ந்து போனபோது, திரையின் அடிவிளிம்புக்குக் கீழே அவள் கண்டாள். பெயிண்டில்தான். வெளிறிய பெயிண்டில், உள்ளிருந்து சட்டத்தைத் தூக்கப் பார்க்கும் நாலு விரல் நுனிகள். அதில் ஒன்று குட்டை.